மழைக்கும் பனிக்கும் பைக் விண்ட்ஷீல்டு: தொந்தரவைச் சொல்லுங்கள், சரிசெய்யலாம்

செட்டிநாட்டுக்கு எதற்கு விண்ட்ஷீல்டு என்று கேட்பவர்கள் பகலில் மட்டும் வண்டி ஓட்டுகிறவர்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை, மார்கழியில் விடிவதற்கு முன் இறங்கும் பனி, லீவு கிடைத்தால் கொடைக்கானலோ மூணாறோ என்று ஒரு ஓட்டம், இதெல்லாம் இருக்கிறவர்களுக்கு அது தேவைதான். காரைக்குடியில் 22 டிகிரியில் கிளம்பி, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற கொடைக்கானலுக்கு ஏறினால், ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குறைந்துகொண்டே போகும். 10 டிகிரிக் குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குத் தோலில் உறைப்பது 5 டிகிரிக் குளிர். சட்டை நனைந்திருந்தால் அதைவிட மோசம், ஈரம் காயக் காய உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

இதற்குப் பயந்துதான் பலரும் கடையில் இருப்பதிலேயே பெரிய ஷீல்டாகப் பார்த்து வாங்கி மாட்டுகிறார்கள். அப்புறம் தலை ஆடுகிறது, மழையில் ஒன்றும் தெரியவில்லை, ஹேண்டில் உதறுகிறது என்று வந்து நிற்கிறார்கள். பெரிதா சிறிதா என்பது இரண்டாவது கேள்வி. ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டி வருகிற காற்று உங்கள் உடம்பில் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. கீழே சொல்லப்போகிற தொந்தரவுகளில் பாதி அந்த ஒரு இடத்தைச் சரியாகப் பிடித்தாலே தீர்ந்துவிடும்.

எதற்கும் முன்னால் இந்தச் சோதனை

மோதுகிற காற்று ஷீல்டோடு நின்றுவிடாது, விளிம்பைத் தாண்டி மேலே எழும்பிப் பின்னால் வரும். அதற்கு மேலே நேராக ஓடும் சுத்தமான காற்று, கீழே அடங்கிய காற்று, இரண்டும் உரசுகிற இடத்தில் சுழல். அந்தச் சுழலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மரக்கிளை அசையாத ஒரு காலை நேரமாகப் பாருங்கள். திருமயம் போகிற சாலை மாதிரி நேராக, வண்டி அதிகம் இல்லாத இடத்தில், 60-ல் சீராகப் போங்கள். இடது கையை விரித்து ஷீல்டுக்குப் பின்னால் நெஞ்சுக்கு நேராக வைத்து மெதுவாக மேலே தூக்குங்கள். கீழே ஒன்றும் இருக்காது, ஒரு இடத்தில் விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும், இன்னும் கொஞ்சம் மேலே போனால் படபடப்பு நின்று ஒரே சீரான அழுத்தம் வரும். படபடக்கிற இடம் தோளிலா, தாடையிலா, நெற்றியிலா, ஹெல்மெட் உச்சியிலா என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கையை எடுக்கப் பயமாக இருந்தால் வேறு வழி இருக்கிறது: விரல் நீள நூல் துண்டுகளை ஷீல்டின் விளிம்பிலும், பின்னால் உட்காருகிறவர் பார்க்கும்படி ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். நூல் பின்னோக்கிப் படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது. நூல் சுற்றிச் சுற்றி ஆடினால் அங்கேதான் சுழல்.

ஷீல்டு போட்டும் நெஞ்சில் குளிர் ஏறுகிறது

இது எளிது. விளிம்பு தாழ்வாக இருக்கிறது, சுழல் கழுத்துக்குக் கீழே விழுகிறது. ஹெட்லைட்டுக்கு மேலே அழகுக்காக வைக்கிற சின்ன வைசர் நெஞ்சை ஓரளவு காக்கும், கழுத்தையும் தோளையும் காக்காது. பனிக்கும் மழைக்கும் நடுத்தர உயரமாவது வேண்டும். உயரத்தைப் போலவே அகலமும் முக்கியம்: ஷீல்டு உங்கள் மார்பை மறைத்தும் இரண்டு தோளும் வெளியே நின்றால், அக்குளுக்குள் புகுந்த காற்று முதுகு வரை போய்வரும். ஜாக்கெட்டின் கழுத்தும் ஜிப்பும் சரியில்லாமல் ஷீல்டைக் குறை சொல்பவர்களும் உண்டு, அதனால் கழுத்தில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதிலேயே குளிர் அடங்கினால் ஷீல்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஹெல்மெட் படபடவென்று ஆடுகிறது, காது அடைக்கிற சத்தம்

அதிகம் பேரை அவதிப்படுத்துவது இதுதான். ஷீல்டு இல்லாதபோது வராத தலைவலி ஷீல்டு போட்ட பிறகு வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஷீல்டுக்கு முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. அந்தக் குறைவை நிரப்பக் காற்று மேல் விளிம்பிலும் ஓரங்களிலும் சுருண்டு உள்ளே பாய்கிறது, அது நேராக ஹெல்மெட்டின் நெற்றியில் வந்து விழுந்தால் தலையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருக்கும். காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால் 40-ல் தெரியாதது 80-ல் நான்கு மடங்காகத் தெரியும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்து நல்லா இருக்கே என்று வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

காரணத்தைப் பிரித்துப் பார்க்க, அதே சீரான வேகத்தில் முதலில் நிமிர்ந்து, முடிந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றி லேசாக எழுந்து பாருங்கள். தலை மேலே போனதும் சத்தம் குறைந்து ஆட்டம் நின்றால், உங்களுக்குச் சுத்தமான காற்று கொஞ்சம் மேலேதான் இருக்கிறது, ஷீல்டைத் தாழ்த்தினால் போதும். அடுத்து கொஞ்சம் குனிந்து பாருங்கள். குனிந்ததும் அமைதியானால் உயரம் பற்றவில்லை. குனிந்தாலும் எழுந்தாலும் ஆட்டம் மாறவில்லை என்றால் காற்று மேலிருந்து வரவில்லை, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்குக்கும் டாங்குக்கும் இடையில் கீழே இருந்து எழும்பி வருகிறது. அதற்கு எவ்வளவு உயர ஷீல்டு வாங்கினாலும் பலன் இல்லை.

செலவில்லாததில் இருந்து ஆரம்பியுங்கள். முதலில் சாய்வு. கிளாம்ப்பைத் தளர்த்தி ஷீல்டைக் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்த்தால் காற்று வழுக்கிக்கொண்டு மேலே போகும், சுழல் குறையும், உயரம் மட்டும் சற்றுக் குறைந்துவிடும். செங்குத்தாக நிற்கிற ஷீல்டுதான் காற்றை ரொம்ப மேலே தூக்கிப் பின்னால் பெரிய பள்ளம் உண்டாக்கும். அதற்கு அடுத்தது கீழ் இடைவெளி, பலரும் கவனிக்காதது இது. ஷீல்டின் அடிப்பக்கத்துக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வழி விட்டால் அதன் வழியாகப் போகிற கொஞ்சம் காற்று பின்னால் இருக்கிற அழுத்தக் குறைவை நிரப்பிவிடும், மேலே இருந்து பாய்கிற காற்றுக்கு வேலை இருக்காது. நெஞ்சில் லேசாகக் காற்று படும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம், தலை ஆடுவதைப் பொறுக்க முடியாது. கீழே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரிய ஷீல்டை விட வழிவிட்டு நிற்கிற நடுத்தர ஷீல்டு நல்லது என்று நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

இரண்டிலும் தீரவில்லை என்றால், மேல் விளிம்பில் கவ்வி நிற்கிற சின்னத் தடுப்பு ஒன்று தனியாகக் கிடைக்கும், சாய்வை மாற்றி மாற்றி வைக்கலாம். வாங்குவதற்கு முன்னால் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி விளிம்பில் நல்ல டேப்பால் ஒட்டி, 50-க்கு மேல் போகாமல் ஒரு சுற்று ஓட்டுங்கள். ஆட்டம் எந்தப் பக்கம் மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

கீழே இருந்து வருகிற காற்றுக்கு, டாங்குக்கு முன்னால் இரண்டு பக்கமும் வைக்கிற சிறிய தடுப்புகள்தான் மருந்து. புல்லட் மாதிரி காற்றால் குளிரும் இன்ஜின் என்றால் க்ராஷ்கார்டில் ரெக்சினோ அட்டையோ கட்டி இன்ஜின் முகப்பை அடைத்துவிடாதீர்கள். மழைக்காலம்தானே என்று கட்டிவிட்டு வெயில் வந்ததும் மறந்துபோனால் இன்ஜின் சூடேறிக் கெடும்.

மழையில் முன்னால் ஒன்றுமே தெரியவில்லை

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இது சௌகரியத்தைத் தாண்டிய விஷயம். மற்றதெல்லாம் அவதி, இது ஆபத்து. பைக் ஷீல்டுக்கு வைப்பர் கிடையாது. துளிகள் நிறைந்த ஷீல்டு, அதற்குப் பின்னால் துளிகள் நிறைந்த ஹெல்மெட் கண்ணாடி, எதிரே பஸ்ஸின் ஹெட்லைட், மூன்றும் சேர்ந்தால் சாலையில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் குன்றக்குடிப் பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் இருட்டிலேயே நடையைத் தொடங்கியிருப்பார்கள், தலையில் காவடியோ மூட்டையோ இருக்கும், பலர் கையில் விளக்குக்கூட இருக்காது. பனி படிந்த ஷீல்டு வழியாகப் பார்த்துக்கொண்டு அந்தச் சாலையில் வரவே கூடாது.

அதனால் விதி ஒன்றுதான்: மழைக்கும் பனிக்கும் வாங்குகிற ஷீல்டின் வழியாகப் பார்க்கக் கூடாது, அதன் மேலாகப் பார்க்க வேண்டும். வண்டியை நேராக நிறுத்தி, ஷூ, ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு எப்போதும் உட்காருகிற மாதிரி உட்காருங்கள். மலைக்குப் போகும்போது முதுகு தளர்ந்து உட்காருவீர்களே, அந்த உட்கார்வைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், கடை வாசலில் விறைப்பாக நிமிர்ந்து உட்காருவதை எடுக்காதீர்கள். மேல் விளிம்பு உங்கள் மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் நேராக வர வேண்டும். விளிம்பைத் தொட்டுப் போகிற பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் தரையில் படுகிறதா என்று ஒருவரை நிறுத்தி வைத்துப் பாருங்கள். அதைவிட அருகில் தெரிய வேண்டியது பெரும்பாலும் எதுவும் இல்லை. விளிம்பு கண்ணுக்கு நேராகவே ஒரு கோடு போட்ட மாதிரி நின்றால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம், பார்வை மேலும் கீழும் அலைந்து ஒரு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும்.

இந்த உயரத்தில் நிறுத்தினால் முகத்தில் மழை அடிக்காதா என்று கேட்பீர்கள். பெரிய மழைத்துளி விழுகிற வேகம் அதிகபட்சம் நொடிக்குச் சுமார் 9 மீட்டர், மணிக்குச் சொன்னால் 32 கிலோமீட்டர். நீங்கள் 30-ல் போனால் மழை ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் வந்து அடிக்கும், 60-ல் போனால் இன்னும் படுக்கையாக. விளிம்பைத் தாண்டி எழும்புகிற காற்று அந்தத் துளிகளில் நிறைய பங்கைத் தூக்கிக்கொண்டு ஹெல்மெட்டுக்கு மேலே போய்விடும். ஆனால் வேகம் வேண்டும். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் கூட்டத்தில் 20-ல் ஊர்ந்தால் எந்த ஷீல்டும் காக்காது, மழை தலையிலேயே விழும். ஷீல்டு வேலை செய்யட்டும் என்று மழையில் வேகத்தைக் கூட்டுவது மட்டும் வேண்டாம்.

ஏற்கெனவே உயரமானது வாங்கியாகிவிட்டது என்றால் வெட்டலாம். விளிம்பு எங்கே வர வேண்டுமோ அங்கே டேப் ஒட்டி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். பிறகு அந்த டேப்புக்கு ஒரு விரல் மேலேயே வெட்டுங்கள், குறைத்ததைக் கூட்ட முடியாது. இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு, பல் நெருக்கமான ரம்பத்தால் நிதானமாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலிகார்பனேட் வெட்டுவதற்கு ஒத்துழைக்கும். அக்ரிலிக் ஓரத்தில் சில்லுத் தெறித்து அங்கிருந்தே விரிசல் ஓடும், அதனால் அதை நன்றாகத் தாங்கிப் பிடித்து வெட்டி, ஓரத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். நல்ல ஷீல்டு என்றால் பெயர்ப்பலகை செய்கிற கடையில் கொடுங்கள், அக்ரிலிக் வெட்டுவது அவர்களுக்குத் தினசரி வேலை.

கறுப்புச் சாயம் ஏற்றிய ஷீல்டு மழைக்கு வேண்டாம். எப்படியும் மேலாகத்தானே பார்க்கிறோம் என்று வாதாடலாம், மேடு பள்ளத்தில் குனிகிற நொடியில் அதன் வழியாகத்தான் பார்க்க நேரும்.

ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிகிறது

ஷீல்டு போட்ட பிறகு இது கூடியிருந்தால் ஷீல்டு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். முன்பு மூச்சுக்காற்றைக் காற்றே அடித்துக்கொண்டு போனது, இப்போது அது உள்ளேயே தங்கிக் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. ஹெல்மெட்டின் தாடைத் துளையைத் திறந்து வைத்து, கண்ணாடியை ஒரே ஒரு பல் அளவு தூக்கி விடுங்கள். ஷீல்டு சரியான உயரத்தில் இருந்தால் அந்த இடைவெளியில் மழை உள்ளே வராது. மூக்குக்கு மேல் வைக்கிற மூச்சுத் தடுப்பு பல ஹெல்மெட்டில் வாங்கும்போதே இருக்கும், கழற்றித் தூரப் போட்டிருந்தால் தேடி எடுங்கள். கண்ணாடியின் உட்புறம் பொருத்துகிற பின்லாக் தகடு கிடைத்தால் அதுதான் நிலையான தீர்வு: இரண்டு அடுக்குக்கு நடுவே காற்று அடைபட்டு நிற்பதால் உள்பக்கம் குளிராது, ஆவியும் படியாது. அவசரத்துக்குப் பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பில் ஒரு சொட்டை உட்புறம் தேய்த்து உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தெடுத்தால் ஒரு பயணத்துக்குத் தாங்கும்.

கை விறைக்கிறது, முழங்கால் நனைகிறது

ஷீல்டால் ஆகிற காரியம் இல்லை. பெரும்பாலான ஷீல்டு ஹேண்டில் பிடியை மறைக்காது. கைக்கு ஹேண்ட்கார்டு, உள்ளே நீர் புகாத கையுறை. முழங்காலுக்கும் ஷூவுக்கும் தண்ணீர் வானத்திலிருந்து வருவதைவிட முன்சக்கரம் வாரி அடிப்பதில்தான் அதிகம் வருகிறது, மட்கார்டின் கீழ் நுனியில் ஒரு ரப்பர் நீட்டிப்பு போட்டால் பாதி குறையும். கொஞ்சம் காசுதான் ஆகும், இன்ஜின் அடிப்பக்கமும் சேறில்லாமல் இருக்கும்.

எனக்கு நனையவில்லை, பின்னால் இருப்பவர் நனைகிறார்

பள்ளத்தூர் நண்பர் ஒருவர் தாயாரைப் பின்னால் வைத்து மழையில் கூட்டிவந்தார். இறங்கியதும் தாயார் கேட்டது: "ஏப்பா, இந்தக் கண்ணாடி உனக்கு மட்டும்தான் போட்டதா, ஆத்தாவுக்கு இல்லையா?" நியாயமான கேள்வி. உங்கள் தலைக்கு மேலே எழும்பிப் போகிற மழை உங்களுக்குப் பின்னால் இறங்குகிறது, இறங்குகிற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற அழுத்தக் குறைவு வேறு துளிகளை உள்ளே இழுக்கும். உயரத்தைக் கூட்டினால் அவர்மேல் விழுவது நெற்றியிலிருந்து உச்சிக்கு மாறும், அவ்வளவுதான். அகலத்தைக் கூட்டுவதில் கொஞ்சம் பலன் உண்டு, பக்கவாட்டில் சுருளும் காற்று அவர் தோளைத் தாண்டிப் போகும். உண்மையான தீர்வு அவருக்கும் முழு மழைக்கோட்டும் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டும் வாங்கித் தருவது. சேலை கட்டியவர் பக்கவாட்டில் உட்கார்ந்தால் மழைக்கோட்டின் கீழ்ப்பக்கம் சக்கரத்தில் சிக்காமல் மடித்துச் செருகியிருக்கிறதா என்று கிளம்பும் முன் நீங்களே இறங்கிப் பாருங்கள்.

ஹேண்டில் உதறுகிறது, பஸ் கடக்கும்போது வண்டி இழுக்கிறது

ஹேண்டிலோடும் ஃபோர்க்கோடும் கட்டிய ஷீல்டில் படுகிற காற்று நேராக ஸ்டியரிங்கில் வந்து சேரும். பெரிய ஷீல்டு என்றால் பெரிய இழுப்பு. நம் பகுதி வெட்டவெளி, கண்மாய்க் கரை மேல் போகிற சாலைகளில் ஒதுங்க மரம்கூட இருக்காது. தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் போனால் கடற்காற்று, ஆடி மாதத்தில் அம்மியையே தூக்குகிற காற்று. லாரி ஒன்று எதிரே கடந்த மறுநொடி வண்டி ஒரு பக்கம் தள்ளப்பட்டு உடனே மறுபக்கம் இழுக்கும்.

ஆனால் ஷீல்டு வெறுமனே காட்டிக்கொடுப்பவனாகவும் இருக்கலாம். காரைக்குடியில் ஒரு மெக்கானிக் சொன்னது என் நினைவில் இருக்கிறது: "அண்ணே, கோன்செட்டைப் பார்க்காம ஷீல்டைக் குறை சொல்லாதீங்க." கோன்செட் என்றால் ஹேண்டில் திரும்புவதற்கு ஃபோர்க்கின் தலையில் இருக்கிற பேரிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் அது தேய்ந்துவிட்டது. டயர் காற்று, தேய்ந்த டயர், பின்னால் கட்டிய கனமான பெட்டி எல்லாமே இந்த உதறலுக்குக் காரணமாகும், பெட்டியும் பெரிய ஷீல்டும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் உதறினால் ஷீல்டைக் கழற்றிவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். உதறல் போய்விட்டது என்றால் அந்த ஷீல்டு உங்கள் வண்டிக்குப் பெரிது, சின்னதுக்கு மாறுங்கள். ஃபிரேமோடு கட்டுகிற வகை உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம், அதில் காற்று ஸ்டியரிங்குக்குப் போகாது.

மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் கேபிள், பிரேக் குழாய், ஒயர் எதுவும் இழுபடக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டுத் திருப்பும்போது ஆர்.பி.எம். ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கேயோ நசுங்குகிறது, அப்படியே சாலையில் இறங்காதீர்கள்.

கடகடவென்று சத்தம், போல்ட் ஓரத்தில் மயிரிழை விரிசல்

பெரும்பாலும் அதிகமாக முறுக்கியதால் வருவது. பிளாஸ்டிக் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 60 சென்டிமீட்டர் அகல ஷீல்டு 30 டிகிரி வித்தியாசத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும், அது நகர இடம் வேண்டும். துளை போல்ட்டைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிதாக, இரண்டு பக்கமும் ரப்பர் வாசர், நட்டு கழன்றுவிடாத நைலாக் வகை. கையால் முறுக்கி அப்புறம் ஸ்பேனரில் கால் சுற்று, போதும். விரிசல் வந்துவிட்டால் அதன் நுனியில் சின்னத் துளை போட்டு நிறுத்தலாம் என்பார்கள், ஊருக்குள் ஓட்ட அது சரி, மலைப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். அக்ரிலிக் உடைந்தால் கூரான துண்டுகளாக நெஞ்சுப் பக்கம்தான் வரும். கல் தெறிக்கிற சாலையில் ஓடுகிறவர்களுக்குப் பாலிகார்பனேட்தான் என் சிபாரிசு, மேலே கீறல் தாங்கும் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பூச்சில்லாத பாலிகார்பனேட்டில் அக்ரிலிக்கைவிடச் சீக்கிரம் கீறல் விழும்.

ஷீல்டு மங்கிவிட்டது, இரவில் எதிர் வெளிச்சம் சிதறுகிறது

ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மாலையில் கண்மாய்ப் பக்கம் போய்வந்தால் தெரியும், ஹெட்லைட் வெளிச்சத்துக்கு ஈசல் மொய்த்துக்கொண்டு வந்து ஷீல்டில் அப்பியிருக்கும், உடம்பு நசுங்கிய எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் ஒட்டிய இறக்கைகளும். அதை உலர்ந்த துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால், கூடவே ஒட்டியிருக்கிற மண்ணும் சேர்ந்து வட்ட வட்டமாகக் கீறிவிடும். ஈரத் துணியை ஷீல்டின் மேல் போர்த்திப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கையாலேயே தள்ளினால் வந்துவிடும். கொஞ்சம் ஷாம்பு போடலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவும் ஆகாது. உடனே ஒன்றும் தெரியாது, சில வாரத்தில் உள்ளுக்குள் சிலந்தி வலை போல நுண்விரிசல் ஓடி மொத்தமும் மங்கிப்போகும், அதை மெருகேற்றி எடுக்க முடியாது. பிரேக் ஆயில் பட்டாலும் அப்படியே. கார் கண்ணாடிக்கென்று விற்கிற மழைநீர் விரட்டிகளிலும் சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், டப்பாவில் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகக் கறை பிடிக்கும். கடைசிக் கழுவலுக்கு மட்டும் மழைத்தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வளவுக் கூரையிலிருந்து, அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றிய கூரையிலிருந்து, இறங்குகிற தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கிற வீடுகளில் இதற்குக் குறையே இல்லை. பழைய பருத்தி பனியனோ மைக்ரோஃபைபர் துணியோ கொண்டு ஒற்றி எடுங்கள். மார்கழிக் காலையில் ஷீல்டு முழுக்கப் பனிநீர் கோத்திருக்கும்போதும் இதே துணிதான், கைக்குட்டையோ ஜாக்கெட் கையோ வேண்டாம்.

பங்குனி வந்துவிட்டது, உள்ளே வேகிறது

குளிருக்குக் காப்பது வெயிலுக்கு வதைக்கும், அதே ஷீல்டுதான். கருவிப்பெட்டி இல்லாமல் கையாலேயே கழற்றி மாட்டுகிற கிளாம்ப் உள்ளதாக ஆரம்பத்திலேயே பார்த்து வாங்குவது அதனால்தான். கழற்றாமல் வைத்திருப்பவர்கள் வண்டியை வெயிலில் நிறுத்தும்போது மீட்டர் பக்கம் ஒரு துணி போட்டு வையுங்கள். வளைந்த தெளிவான ஷீல்டு சூரிய ஒளியைக் குவித்து மீட்டரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடக்கூடும். கழற்றுகிறவர்கள் பருத்தித் துணியில் சுற்றி, மேலே எதையும் அடுக்காமல், வெயில் படாத அறையில் நிற்கவைத்து விடுங்கள், தகரக் கொட்டகைக்கு அடியில் படுக்கப் போட்டால் வளைவு மாறிப்போய் அடுத்த தடவை துளைகள் பொருந்தாது. நட்டு, போல்ட், ரப்பர் வாசர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதோடேயே கட்டி வையுங்கள். புரட்டாசி கடைசியில் எடுத்து, ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, மழைக்கு முன்னால் மாட்டிவிடுங்கள்.